அப்பா நேவியில் என்ன வேலை பார்த்தார்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் தவறிவிட்டார். 83 வயது. சான் டியேகோ நகரின் மீரா மேசா பகுதியில் 40 வருடத்துக்கு மேல் குடியிருந்தவர். நாங்கள் வந்து 12 வருடம்தான் ஆகிறது. இரண்டு குடும்பத்துக்கும் பழக்கம் உண்டாக்கியது அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மரம். பிலிப்பினோக்கள் அதை மலுங்கை என்பார்கள். கீரையை உருவிக் கோழிச் சாற்றில் போடுவது அவர்கள் வழக்கம். காய்கள் மரத்திலேயே முற்றிக் காய்வதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் என் மனைவி வேலியோரம் நின்று கேட்டேவிட்டாள். அன்றிலிருந்து கீரை அவர்களுக்கு, காய் எங்களுக்கு என்று ஆகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு முன்வாசலில் ஷூக்கள் வரிசையாக நிற்கும். மகனுடையது, மருமகனுடையது, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ, மனைவியின் ஆஸ்பத்திரி ஷூகூட. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, இரண்டு பிரஷ், கிழித்து வைத்த பழைய பனியன் துணி. ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, விரலில் துணியைச் சுற்றி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். முகம் பார்க்கலாம், அப்படி மினுங்கும். “பையன்களே செய்துகொள்ள மாட்டார்களா?” என்று ஒருமுறை கேட்டேன். “எனக்குக் கை பழகிப்போச்சு” என்று சிரித்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் இறந்த பிறகு நடந்த லமாய்க்கு, அதாவது உடலை வைத்து உறவும் நட்பும் இரவெல்லாம் கூடியிருக்கும் சடங்குக்கு, நாங்களும் போயிருந்தோம். வெள்ளை நேவி உடுப்பில் 20 வயதுப் படம் ஒன்று, ஜெபமாலை, பூ. கையில் ஒரு மடிப்புத் தாள் கொடுத்தார்கள். பிலிப்பைன்ஸின் கவித்தே மாகாணத்தில் பிறந்தார், அமெரிக்கக் கடற்படையில் 20 வருடம் பணியாற்றினார், பிறகு தபால் துறையில் 18 வருடம், அன்பான கணவர், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தந்தை. இவ்வளவுதான் இருந்தது. அவருடைய மூத்த மகள் என் அருகில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: “இருபது வருடம் நேவியில் இருந்தார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. ‘கப்பலில் இருந்தேன்’ என்பார், அவ்வளவுதான்.”

இது அந்த ஒரு வீட்டின் கதை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விசாரித்துப் பார்த்தால், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இதே கதை. கடற்படையில் இருந்த பிலிப்பினோ அப்பாக்கள் பலரும் வேலையைப் பற்றி வாய் திறக்காதவர்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக் கொள்கை இருக்கிறது, இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ‘பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தந்தை’ என்று தாளில் அச்சடித்திருந்ததே, அந்த வார்த்தைக்கு உள்ளே என்ன அடங்கியிருக்கிறது என்று புரிய இந்த வரலாறு தெரிந்தாக வேண்டும்.

1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் ஸ்பெயினின் கப்பல்களை ஒரு காலைப்பொழுதில் அடித்து நொறுக்கின. அந்த வருடக் கடைசியில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை விட்டுக்கொடுத்தது. அமெரிக்கா 2 கோடி டாலர் கொடுத்தது. சுதந்திரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்த பிலிப்பினோக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் நடந்த கொடூரமான போர் முடிவதற்கு முன்பே, 1901-இல், அதிபர் மெக்கின்லி ஓர் ஆணை பிறப்பித்தார்: கடற்படையில் 500 பிலிப்பினோக்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆரம்ப நாட்களில் அவர்களுக்குப் பலவிதமான வேலைகள் கிடைத்தன. அதற்குச் சாட்சியாக ஒரு மனிதர் இருக்கிறார். டெலஸ்ஃபோரோ டிரினிடாட். 1915 ஜனவரி 21 அன்று, மெக்சிகோவை ஒட்டிய கடலில், யுஎஸ்எஸ் சான் டியேகோ என்ற போர்க்கப்பலில் கொதிகலன் வெடித்தது. டிரினிடாட் அங்கே உலைக்கு நெருப்புப் போடும் தொழிலாளி. வெடிப்பின் வேகம் அவரை இரண்டாம் எண் உலைக்கூடத்திலிருந்து வெளியே தள்ளியது. உடனே திரும்பி உள்ளே ஓடி, காயப்பட்டுக் கிடந்த சக தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்காம் கூடத்துக்குள் நுழையும்போது மூன்றாம் கூடமும் வெடித்தது. கையில் இருந்தவரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கே சிக்கிய மற்றொருவரையும் மீட்க ஓடினார். முகம் வெந்துபோனது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கடற்படையில் அந்த விருதைப் பெற்ற ஒரே ஆசியர் இன்றளவும் அவர்தான். 2022-இல், கட்டப்படவிருக்கும் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வைப்பதாகக் கடற்படை அறிவித்தது.

இப்படி ஒருவரைக் கண்ணெதிரே பார்த்த பிறகும், முதல் உலகப் போர் முடிந்ததும் கடற்படை பிலிப்பினோக்களை ஒரே ஒரு கதவுக்குள் ஒதுக்கியது. அது மெஸ். அதிகாரிகளின் சாப்பாட்டு அறை. 1919 முதல் 1932 வரை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதையே கடற்படை நிறுத்தி வைத்திருந்தது. அவர்கள் செய்துவந்த பரிமாறும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பிலிப்பினோக்கள் கிடைத்தார்கள். உலைக்கூடத்தில் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த அதே ஜனங்கள், இனித் தட்டு ஏந்தினால் போதும் என்று ஆனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1946 ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் சுதந்திரம் அடைந்தது. சுதந்திர நாட்டின் குடிமக்களை இன்னொரு நாட்டுக் கடற்படை எப்படிச் சேர்க்க முடியும்? அதற்கும் வழி செய்தார்கள். 1947 மார்ச்சில் கையெழுத்தான ராணுவத் தளங்கள் ஒப்பந்தத்தில், பிலிப்பைன்ஸ் குடிமக்கள் விருப்பப்பட்டால் அமெரிக்கப் படையில் சேரலாம் என்று 27-ஆவது பிரிவாக ஒன்றைச் சேர்த்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறாமலே, குடியுரிமையும் இல்லாமலே, சொந்த ஊரில் இருந்தபடி அமெரிக்கக் கடற்படையில் சேரும் வாய்ப்பு அப்படித்தான் உண்டானது. 1950-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 1,000 பேர் என்று வைத்து, சீக்கிரமே 2,000 ஆக்கினார்கள்.

ஏன் இந்தத் தேவை? 1948-இல் அதிபர் ட்ரூமன் படையில் இனப்பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். ஸ்டூவர்ட் வேலை, அதாவது மெஸ்ஸில் அதிகாரிகளுக்குப் பரிமாறும் வேலை, கறுப்பினத்தவருக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை என்ற கண்டனம் ஏற்கெனவே வலுத்திருந்தது. அவர்கள் அந்த வேலையை விட்டு வேறு பிரிவுகளுக்கு நகரத் தொடங்க, காலியான இடத்தை நிரப்பக் கடற்படை மறுபடியும் பிலிப்பைன்ஸ் பக்கம் திரும்பியது. ஓர் அநியாயத்தைச் சரிசெய்யப் போய், அதே சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றி வைத்த மாதிரி.

அங்கிருந்து பார்த்தால் இது சுமையாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. போரில் நொறுங்கிப்போன நாடு. வேலை இல்லை. மணிலா விரிகுடாவின் தென்கரையில் கவித்தே. அங்கே சாங்லி பாயின்ட் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளம். வாசலிலேயே டாலர் சம்பளம். 1960-களில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேர்வரை விண்ணப்பித்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தால்தானே இடம் காலியாகும்? பணிக்கால ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்துப் போடுகிறவர்கள் நூற்றுக்கு 94-க்கும் மேல். எங்கள் பெரியவர் மூன்று முறை விண்ணப்பித்து 1961-இல் சேர்ந்தார் என்று அவர் மனைவி சொல்லித் தெரியும். கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர். அவர் மாதிரிப் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். அத்தனை பேரில் பொறுக்கி எடுத்தவர்கள் அல்லவா. 1970 வாக்கில் அமெரிக்கக் கடற்படையில் இருந்த பிலிப்பினோக்கள் சுமார் 14,000. பிலிப்பைன்ஸின் சொந்தக் கடற்படையிலேயே அத்தனை பேர் இல்லை.

சரி, சேர்ந்த பிறகு என்ன வேலை?

அதிகாரிகள் எழுந்திருக்கும் முன்னால் எழுந்து காபி போட வேண்டும். மேஜைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்து அடுக்க வேண்டும். பரிமாற வேண்டும், எடுக்க வேண்டும், கழுவ வேண்டும். அப்புறம் அதிகாரிகளின் அறைகளுக்குப் போய்ப் படுக்கை விரிப்பு மாற்றி, கழிப்பறை கழுவி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைக்க வேண்டும். கரையில் போட்டால் அட்மிரல் வீட்டில் சமையல், விருந்துக்குப் பரிமாறல், சில வீடுகளில் நாயைக் கூட்டிப்போவதுகூட. வெள்ளை மாளிகையின் மெஸ்ஸிலும், அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிடிலும் பிலிப்பினோ ஸ்டூவர்ட்கள் இருந்தார்கள். போர் அபாயம் வந்தால் அவர்களும் மற்ற மாலுமிகளைப் போலத் தங்களுக்குக் குறிக்கப்பட்ட இடத்தில் நிற்க வேண்டும். குண்டு தூக்க வேண்டும், காயப்பட்டவரைச் சுமக்க வேண்டும். மணி அடங்கியதும் திரும்பவும் தட்டு.

சமைப்பதிலோ துணி துவைப்பதிலோ இழிவு ஒன்றும் இல்லை. அந்த வேலையை அவர்கள் அத்தனை நேர்த்தியாகச் செய்தார்கள். இழிவு எங்கே இருந்தது என்றால், வேறு எதற்கும் விண்ணப்பிக்க முடியாது என்ற விதியில். எலக்ட்ரீஷியன் ஆகவோ ரேடியோ இயக்கவோ ஒருவருக்குத் திறமை இருந்தாலும், பாஸ்போர்ட்டில் பிலிப்பைன்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் மெஸ்தான். கல்லூரி வாசல் மிதித்த இளைஞன், தன்னைவிட மூன்று வயது சின்ன அதிகாரியின் ஷூவைத் துடைத்து வைத்துவிட்டு, ‘பாய்’, அதாவது ‘பையா’, என்று அவன் கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் எந்த அப்பா உட்கார்ந்து சொல்வார்?

இதற்குள்ளே இருந்துகொண்டுதான் அவர்கள் குடும்பத்தைக் கட்டினார்கள். அதைக் கட்டிய விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முதலில் கணக்கு. 20 வருடம் முடித்தால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஆயுள் முழுக்க ஓய்வூதியம். குடும்பத்துக்கு மருத்துவம். தளத்துக்குள் இருக்கும் கடையில் வரி இல்லாத மளிகை. இந்த 20 என்ற எண்தான் அவர்களுக்கு எல்லாம். அவமானம் வந்தால் எத்தனை வருடம் பாக்கி என்று விரலை மடக்குவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்: அவர்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வருடமும் அவர் சேர்ந்த தேதியில் ஒரு சிவப்பு வட்டம் இருக்குமாம். பிறந்தநாளுக்குக்கூட வட்டம் இல்லை.

அடுத்தது ஊருக்குப் போகும் பணம். பிலிப்பினோக்களிடம் ‘உத்தாங் நா லோஓப்’ என்று ஒரு சொல் உண்டு. நன்றிக்கடன் என்று சொல்லலாம். ஆனால் அடைத்துத் தீர்க்கிற கடன் இல்லை, உள்ளத்தில் சுமக்கிற கடன். முதல் சம்பளத்திலிருந்தே தம்பி தங்கைகளின் படிப்பு, அம்மாவின் மருந்து, ஓலை வீடு இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு. அமெரிக்காவில் குடியேறிய பிறகு பணத்தோடு ‘பாலிக்பயான்’ பெட்டியும் சேர்ந்துகொண்டது. ஊர் திரும்புகிறவர் பெட்டி என்று அர்த்தம். திரும்பிப் போக முடியாதவர்களும் அனுப்புவார்கள். சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, சாக்லேட், அண்ணன் மகளுக்கு ஷூ. பெரியவர் வீட்டு கராஜில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி வாய் திறந்து கிடக்கும். கடைக்குப் போய்வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அதில் விழும். நிறைந்ததும் டேப் ஒட்டி அனுப்பிவிட்டு, அன்றைக்கே புதுப் பெட்டியைப் பிரித்து வைப்பார்.

இதற்கெல்லாம் கொடுத்த விலை, வீட்டில் இல்லாமல் போனது. கப்பல் கிளம்பினால் ஆறு மாதம், ஒன்பது மாதம். வியட்நாம் போர்க்காலத்தில் அதற்கு மேலும் போனதுண்டு. கடிதம்தான், பிறகு கேசட்டில் பேசி அனுப்புவது. குழந்தை பிறந்த செய்தி நடுக்கடலில் வந்து சேரும். திரும்பி வரும்போது அந்தக் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘தாத்தாய்’ என்றால் அவர்கள் மொழியில் அப்பா. தன் தாத்தாயைத் துறைமுகத்தில் பார்த்து, ‘இந்த மாமா யார்?’ என்று கேட்டதாக மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா இல்லாத வீட்டை நடத்தியவர்கள் அம்மாக்கள். அவர்களில் நிறையப் பேர் நர்ஸ்கள். 1948-இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின் வழியாகவும், 1965-இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பெரும் எண்ணிக்கையிலும் பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். கடற்படை அப்பாவும் நர்ஸ் அம்மாவும் சேர்ந்த குடும்பம் கலிஃபோர்னியாவில் அத்தனை சகஜம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கும் அந்த அம்மாக்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கப்பல் எங்கே கரை சேருமோ அங்கே ஊர் முளைத்தது. சான் டியேகோவில் தளத்தை ஒட்டிய நேஷனல் சிட்டி, பாரடைஸ் ஹில்ஸ்; சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மேர் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்துக்கு எதிரே வலேஹோ; கிழக்குக் கரையில் நார்ஃபோக், வர்ஜினியா பீச்; சியாட்டில் பக்கம் பிரெமர்டன். முன்னாள் படைவீரர்களுக்கு முன்பணம் இல்லாமல் வீட்டுக்கடன் கிடைக்கும். 1970-களில் மீரா மேசாவில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பியபோது கடற்படைக் குடும்பங்கள் அந்தக் கடனை வைத்து வாங்கிக் குடியேறின. ‘மணிலா மேசா’ என்று இந்தப் பகுதிக்குப் பட்டப்பெயரே உண்டு. எங்கள் தெருவில் ஐந்து வீட்டில் முன்வாசலில் கன்னி மரியாள் சிலையும் கொல்லையில் முருங்கையும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இங்கே வந்த புதிதில் எனக்கு அது தெரியாது.

1970-களின் தொடக்கத்தில் விதி மாறியது. சிவில் உரிமை இயக்கத்தின் அழுத்தம், படைகளில் ஸ்டூவர்ட்களை வீட்டு வேலைக்காரர்களாக நடத்துவது பற்றி எழுந்த கேள்விகள், கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் ஸம்வால்ட் கொண்டுவந்த சீர்திருத்தங்கள், எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்தன. 1973-இல் பிலிப்பினோக்கள் எந்தப் பிரிவுக்கும் போகலாம் என்றானது. 1975 ஜனவரி 1 அன்று ஸ்டூவர்ட் என்ற பிரிவையே கடற்படை எடுத்துவிட்டு, பொதுச் சமையல் பிரிவோடு இணைத்து வேறு பெயர் கொடுத்தது. ஆனால் ரகசியத் தகவல் புழங்கும் வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும். பல பேருக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் மெஸ்ஸில் போனவர்களுக்கு, புதுத் தொழிலை அடியிலிருந்து கற்கத் தொடங்கினால் பதவி உயர்வு தள்ளிப்போகும். நிறையப் பேர் இருந்த இடத்திலேயே இருந்து 20-ஐ முடித்தார்கள். கதவு திறந்தது அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு.

கோனி மரியானோவின் பெயர் பிலிப்பினோ வீடுகளில் தெரியாதவர்கள் குறைவு. அவர் அப்பா கடற்படை ஸ்டூவர்ட். அட்மிரல்களுக்குச் சாப்பாடு பரிமாறியவர். பிலிப்பைன்ஸில் பிறந்த மகள் சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்து, மருத்துவராகி, கடற்படையில் சேர்ந்தார். மூன்று அமெரிக்க அதிபர்களுக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தார். 2000-இல் ரியர் அட்மிரல் ஆனார். அமெரிக்கக் கடற்படையில் அந்த நிலைக்கு வந்த முதல் பிலிப்பினோ வம்சாவளியினர் அவர். ஸ்டூவர்ட் மகள் அட்மிரல். இதைச் சொல்லும்போது இங்குள்ள முதியவர்களின் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிலிப்பினோ முன்னாள் படைவீரர் என்றதும் பலருக்கு நினைவு வருவது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் பிலிப்பைன்ஸில் போரிட்ட சுமார் இரண்டரை லட்சம் பேர். அவர்களுக்கு நடந்தது வேறு, இன்னும் கொடுமை. சலுகைகள் தருவதாகச் சொல்லிப் போரிட வைத்துவிட்டு, 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் அவற்றில் பெரும்பாலானதைப் பறித்தது. 2009-இல்தான் ஒருமுறை இழப்பீடு வந்தது: அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் 15,000 டாலர், இல்லாவிட்டால் 9,000. அதற்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடற்படையில் முறையாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியமும் மரியாதையும் ஒழுங்காகக் கிடைத்தன. அந்த மாமாக்களின் கதையைப் பார்த்து வளர்ந்ததால்தான், ‘எனக்குச் சொன்னதைக் கொடுத்தார்கள்’ என்று எங்கள் பெரியவர் அடிக்கடி சொல்வார். அவர் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் அமெரிக்கத் தளங்களுக்கு அருகே பினட்டுபோ எரிமலை வெடித்தது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் தளங்களைத் தொடரும் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அங்கிருந்த சூபிக் விரிகுடாத் தளத்திலிருந்து கடைசி அமெரிக்கக் கப்பல் கிளம்பியது. ஆள் சேர்ப்பும் நின்றது. 1950-களிலிருந்து அதுவரை சுமார் 35,000 பேர் அந்த வழியாகச் சேர்ந்திருந்தார்கள். முதல் இருபது வருடத்தில் வந்தவர்களுக்கு இப்போது 70-க்கு மேல், 90-ஐத் தாண்டியவர்களும் உண்டு. அதனால்தான் இந்த ஊர் மாதா கோயில்களில் இப்போது வாரா வாரம் ஒரு வெள்ளை உடுப்புப் படம் வைக்கப்படுகிறது.

அடக்கத்துக்குப் படை மரியாதை வேண்டும் என்றால் டிடி-214 என்ற விடுவிப்புத் தாள் வேண்டும். பெரியவர் வீட்டில் அதைத் தேடியபோது நானும் இருந்தேன். அலமாரி மேலிருந்த நீல நிற பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. கூடவே பழைய பணிப்பதிவுகள் சில. மகள் அதில் விரல் வைத்துப் படித்தார். 1961-இல் ‘டிஎன்’. சில வருடம் கழித்து ‘எஸ்டி’. 1975-க்கு அப்புறம் ‘எம்எஸ்’. என்ன எழுத்து இது என்று போனில் தேடினார். டிஎன் என்றால் ஸ்டூவர்ட்ஸ்மேன். எஸ்டி என்றால் ஸ்டூவர்ட். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் முன்வாசலில் இருந்த அந்த மரப்பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மிராமர் தேசியக் கல்லறையில் அடக்கம் நடந்தது. இரண்டு இளம் மாலுமிகள் வந்திருந்தார்கள். எக்காள இசை முடிந்ததும் கொடியை 13 மடிப்பாக, நட்சத்திரங்கள் மட்டும் வெளியே தெரியும்படி முக்கோணமாக மடித்தார்கள். அவர்களில் ஒருவர் பாட்டியின் முன்னால் மண்டியிட்டு, அமெரிக்க அதிபரின் சார்பிலும், கடற்படையின் சார்பிலும், நன்றியுள்ள தேசத்தின் சார்பிலும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் எல்லோர் ஷூவும் மினுங்கின. முந்தின இரவு மகன் உட்கார்ந்து போட்டிருந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது இரவு ஜெபம். பாசியாம் என்பார்கள். ஒன்பதாம் நாள் விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முருங்கைக்கீரை போட்ட கோழிச் சாறு இருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மகள் அம்மாவிடம் நேராகக் கேட்டார், உனக்குத் தெரியுமா என்று. பாட்டி உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கப்பலிலிருந்து அவர் எழுதியது. அத்தனையும் டகலாக் மொழியில். ‘உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார்’ என்றார். வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள் என்று அப்பா பிடிவாதமாக வளர்த்த பிள்ளைகள். யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் கடிதத்தைப் பிரித்து, ஒரு வரி டகலாக்கில் படித்து, ஒரு வரி இங்கிலீஷில் சொன்னார்.

கப்பலில் அதிகாரிகளுக்கு இன்று உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும். நாற்பது தட்டு பரிமாறினேன். எல்லோரும் போன பிறகு நாங்கள் ஏழு பேரும் பின்கட்டில் ஒரு சின்னப் பானையில் சோறு வடித்தோம். எனக்கு அடிச்சோறு கிடைத்தது. உன் கை ஞாபகம் வந்தது.

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அடுத்ததைப் படி என்றார்.